எம்பிசீமா என்று சொல்லிவிட்டார்கள்: இனிச் சுருட்டை விட்டு என்ன பயன்?

#1 கனகராயன்கரை

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு 68 வயது. அக்கராயன் பக்கம் வயல் செய்கிறார். இளந்தாரியாக இருந்த காலத்திலேயே பழகிய சுருட்டு, இன்றுவரை விடவில்லை. சில வருடங்களாக இளைப்பு. முதலில் வரம்பில் மண்வெட்டியோடு நடக்கும்போது வந்தது. இப்போது கிணற்றடிக்குப் போய் வந்தாலே கதிரையில் இருந்து, இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதி ஊதித்தான் மூச்சு விடுகிறார். ஊரில் எல்லோரும் "முட்டு வருத்தம்", அதாவது ஆஸ்துமா, என்றார்கள். நாங்களும் பார்மசியில் முட்டுக்குக் குளிசை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் தடிமன் பிடித்து, இரவில் மூச்செடுக்கவே முடியாமல் போய்விட்டது. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "சுவாசப்பை விரிந்துபோய் இருக்கிறது, எம்பிசீமா" என்று கிளினிக் கொப்பியில் எழுதி விட்டார்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் ஒரு துண்டு தந்திருக்கிறார்கள், எவ்வளவு காற்று விடுகிறார் என்று குழாயில் ஊதிப் பார்க்க வேண்டுமாம்.

உள்ளே என்னதான் நடந்திருக்கிறது, மாறுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று. "அம்பது வருசம் பத்தியாச்சு, இனி விட்டு என்னத்தைக் காணப்போறன்" என்கிறார் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#2 மல்லாவி_மைந்தன்

தம்பி, வயதுபோனால் இளைக்கத்தான் செய்யும். எங்கள் பெரியப்பா 91 வயதில் போனார். போகிற அன்று காலையிலும் குறைச் சுருட்டைக் கிடுகுக் கூரை இறப்பிலிருந்து எடுத்துப் பற்ற வைத்தவர். அவருக்கு ஒன்றும் வரவில்லையே? மனுசனுக்கு இருக்கிறது அந்த ஒரு சந்தோசம்தான். அதையும் பறிக்காதீர்கள்.

#3 முறிகண்டிக்கச்சான்

கனகராயன்கரை, நான் வன்னியில் பிறந்து இப்போது வேறு மாகாணத்தில் வேலை செய்யும் வைத்தியர். அப்பாவை நேரில் பார்க்காமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நோயைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மூச்சுக்குழாய் சுவாசப்பைக்குள் போய் இருபது தடவைக்கு மேல் கிளை பிரிந்து, கடைசியில் காற்றுச் சிற்றறைகளில் முடிகிறது. ஒரு ஆளுக்குச் சராசரியாக 48 கோடி சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் கால் பரப்புக் காணியை, அதாவது அறுபது சதுர மீற்றரளவு நிலத்தை, மூடிவிடும். அந்தச் சுவர்களுக்குள்தான் மயிரிழையிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒட்சிசன் உள்ளே போவதும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதும் அங்கேதான்.

சுருட்டுப் புகை போகிறது. அதைத் துப்புரவாக்க வெள்ளணுக்கள் வருகின்றன. வந்தவை, கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் நொதியங்களைக் கக்குகின்றன. அதில் எலாஸ்ரேஸ் என்று ஒன்று, சிற்றறைச் சுவருக்கு இழுவைத் தன்மை கொடுக்கும் எலாஸ்ரின் என்ற புரதத்தையே அரித்துவிடும். வழக்கமாக, ஈரல் செய்து அனுப்பும் அல்பா-1 அன்ரிட்ரிப்சின் என்ற இன்னொரு புரதம் எலாஸ்ரேஸை அடக்கி வைக்கும். புகை அந்தக் காவல்காரனையும் முடக்குகிறது. அரிப்பவர் கூட, காப்பவர் குறைய. இது ஒரு நாளில் நடப்பதில்லை. இருபது, முப்பது வருடம் மெதுவாக நடக்கும். சுவர்கள் ஒவ்வொன்றாக அறுந்து, பத்துச் சின்ன அறை இருந்த இடத்தில் ஒரு பெரிய வெற்று அறை வரும். சுவரோடு சேர்ந்து அதில் ஓடிய இரத்தக் குழாயும் போய்விடும்.

இதுதான் எம்பிசீமா. வளர்ந்த மனிதருக்கு அறுந்த சுவர் திரும்ப முளைக்காது. அந்தப் பகுதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

#4 பாலைப்பழம்

டொக்டர், ஒரு சந்தேகம். சுவாசப்பை விரிந்து பெரிதாக இருந்தால் கூடக் காற்றுப் பிடிக்கும்தானே? பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

#5 முறிகண்டிக்கச்சான்

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, தங்கச்சி.

செட்டிகுளம் அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தறப்பாளை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் உள்ளே இடம் இருக்கும். கயிறு அறுந்தால் காற்று அடிக்கிற நேரம் தறப்பாள் உள்ளுக்குள் விழுந்துவிடும். சுவாசப்பையின் மிகச் சிறிய குழாய்களுக்குத் தங்களைத் தாங்க குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள சிற்றறைச் சுவர்கள்தான் நாலாபக்கமும் இழுத்து அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. சுவர்கள் அறுந்தால், மூச்சு விடுகிற நேரம் நெஞ்சின் அழுத்தத்தில் அந்தக் குழாய்கள் நசிந்து மூடிக்கொள்ளும்.

காற்று உள்ளே போகும், முழுவதும் வெளியே வராது. முதல் மூச்சின் பழைய காற்று உள்ளே இருக்கும்போதே அடுத்த மூச்சை எடுக்க வேண்டியிருக்கும். அடைபட்ட காற்று விலா எலும்புகளைத் தள்ளி நெஞ்சைப் பீப்பாய் வடிவமாக்கும். கீழே கவிந்து இருக்க வேண்டிய பிரிமென்றகடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள மூச்சுத் தசை, தட்டையாகிவிடும். தட்டையான தசைக்கு இழுக்க இடம் இல்லை. ஆகவே கழுத்துத் தசையும் தோள் தசையும் மூச்சு வேலைக்கு வருகின்றன. அப்பா முழங்காலில் கையை ஊன்றுவது அதற்குத்தான். கை அசையாமல் இருந்தால் அந்தத் தசைகள் விலாவைத் தூக்கலாம்.

உதட்டைக் குவித்து ஊதுவதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி. வாயில் ஒரு சிறு தடை இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவு கெதியில் நசியாது. மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் எடுத்து, குவித்த உதட்டால் நாலு எண்ணும் நேரம் விடச் சொல்லுங்கள். கிணற்றடிக்கு நடக்கும்போதே செய்யலாம், இளைத்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம்.

#6 உமிச்சாம்பல்

நான் அரிசி ஆலையில் நின்றவன். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. எனக்கும் இருமலும் இளைப்பும் இருக்கிறது. காலபோக நெல்லு வந்து இறங்குகிற மாசி, பங்குனியில் உமித் தூசு கண்ணை மறைக்கும். துவாயை மூக்கில் கட்டிக்கொண்டுதான் வேலை. புகைக்காதவனுக்கு இந்த எம்பிசீமா வராதா?

#7 முறிகண்டிக்கச்சான்

வரும். தானியத் தூசில் வருடக்கணக்கில் நிற்பவர்களுக்குச் சுவாசக் குழாய் ஒடுங்கும் வருத்தம் வரலாம். அதுவும் எம்பிசீமாவும் சேர்ந்து ஒரு குடும்பம், நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்று எழுதுவோம், கிளினிக்கில் சீ.ஓ.பி.டி. என்பார்கள். சிலரிடம் குழாய் வீக்கமும் சளியும் கூட, சிலரிடம் சுவர் அறுந்தது கூட. பலரிடம் இரண்டும் கலந்திருக்கும். உங்களுடையது எது என்று ஊதிப் பார்த்தால்தான் தெரியும். துவாய் பெரிய தூசைத்தான் மறிக்கும். நுண்ணிய தூசு துணிக்குள்ளால் போய்விடும்.

புகையே படாத ஆட்களிலும் ஒரு சிலருக்கு 40 வயதுக்குள் எம்பிசீமா வருவதுண்டு. முன்பு சொன்ன காவல்காரப் புரதம் பிறப்பிலேயே குறைவாக இருப்பவர்கள் அவர்கள். 1963இல் சுவீடனில் லோறெல், எரிக்சன் என்ற இருவர்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். எலாஸ்ரேஸ் பற்றிய விளக்கம் பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான். ஐரோப்பிய வழி வந்தவர்களில்தான் இது கூட. எங்கள் ஆட்களில் அரிது. படத்திலும் வித்தியாசம் தெரியும். புகையால் வருவது பெரும்பாலும் சுவாசப்பையின் மேற்பகுதியில் தொடங்கும், இது கீழ்ப்பகுதியில்.

@மல்லாவி_மைந்தன், பெரியப்பா தப்பினார், உண்மை. புகைப்பவர் எல்லோருக்கும் எம்பிசீமா வருவதில்லை. பரம்பரை, சின்ன வயதில் வந்த நெஞ்சு வருத்தங்கள், எவ்வளவு ஆழமாக இழுத்தார் என்று பல காரணம். சுருட்டில் இன்னொரு விசயமும் இருக்கிறது. அதன் புகை காரத்தன்மை கூடியது, நிக்கொட்டின் வாயாலேயே உடம்பில் சேர்ந்துவிடும். அதனால் பலர் உள்ளே இழுப்பதில்லை. உங்கள் பெரியப்பா வாயளவில் விட்டிருப்பார். சிகரெட் பத்திப் பழகிவிட்டுச் சுருட்டுக்கு வந்தவர்கள் அதையும் நெஞ்சுக்குள் இழுப்பார்கள். சாகாதவரைத்தான் உதாரணம் காட்ட முடியும். 55இல் போனவர்களை யார் கணக்கெடுத்தார்?

#8 மல்லாவி_மைந்தன்

சரி டொக்டர், ஆனால் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. சுவர் திரும்ப முளைக்காது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் 68 வயதில் விட்டு என்ன வரப்போகிறது? அந்த மனுசன் சொல்வது நியாயம்தானே.

#9 பாலைப்பழம்

டொக்டர் வருவதற்குள் நான் ஒன்று சொல்லட்டும். எங்கள் அம்மாவுக்கும் இதே வருத்தம். புதுக்குடியிருப்பு. அம்மா சுருட்டைக் கையாலும் தொடாதவர். ஆனால் பன்னிரண்டு வயதில் இருந்து விறகடுப்பு. பாலை, வீரை என்று நல்ல காய்ந்த விறகு கிடைத்தால் பரவாயில்லை. மாரியில் நனைந்த விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி மூட்டுவார். குசினிச் சுவரில் கரி பிடித்துக் கறுத்துப்போய், விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். தாழ்வாரத்தில் காற்றோட்டமாகச் சமைத்த காலம் போய், வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த பிறகு நாலு சுவருக்குள் அடுப்பைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் இருமல் கூடியது என்பது என் எண்ணம்.

இதை எழுதக் காரணம், ஆண்களுக்குச் சுருட்டை விடு என்று சொல்ல முடிகிறது. அம்மாவிடம் எதை விடச் சொல்வது? சமையலையா?

#10 வெள்ளைச்சப்பாத்து

தாதி உத்தியோகத்தர் பேசுகிறேன். பாலைப்பழம் சொன்னது வார்ட்டில் நாங்கள் தினமும் காண்பது. பெண்கள் விடுதியில் இளைப்போடு படுத்திருக்கும் அம்மாமாரிடம் "பத்துவீர்களா" என்று கேட்டால் சிரிப்பார்கள். "எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். நுளம்புத்திரியைக் கட்டிலுக்குக் கீழே கொளுத்திவிட்டு யன்னலைப் பூட்டிப் படுக்கிறீர்களா என்றும் கேட்பேன். அதுவும் புகைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். குழாய் வழியாக மருந்து இழுப்பதை ஒருவரும் ஒழுங்காகச் செய்வதில்லை. கப்சியூலை இயந்திரத்தில் போட்டு இழுக்கக் கொடுத்தால், அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "மருந்து வேலை செய்யுதில்லை" என்று வந்து நிற்பார்கள். அமத்தினால் மருந்தை விசிறும் பம்மை (இன்ஹேலர்) நாக்கில் அடித்துவிட்டு வாயை மூடுபவர்களும் இருக்கிறார்கள். மருந்து எல்லாம் நாக்கில்தான், நெஞ்சுக்குப் போவதில்லை.

முறை இதுதான். பம்மை நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை முடிந்த அளவு ஊதி வெளியே விட வேண்டும். வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அமத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராத வயதானவர்களுக்கு ஸ்பேசர், பம்முக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் கூடு, வாங்குங்கள். வாங்க வசதி இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, காற்று கசியாமல் பொருத்தி, மற்றப் பக்கத்தால் இழுக்கலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளில் சோதித்துப் பார்த்து, கடையில் விற்பதற்குக் குறையாமல் வேலை செய்ததைக் கண்டிருக்கிறார்கள். கொண்டுவந்து காட்டுங்கள், நாங்கள் சரிபார்த்துத் தருவோம்.

கோர்ட்டிசோன் பம் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

#11 மூலிகைத்தோட்டம்

இதெல்லாம் இங்கிலீசு மருந்து விற்கிறவர்களின் கதை. எங்கள் பரியாரிமார் ஆடாதோடைக் கசாயமும் தூதுவளையும் கொடுத்து முட்டு மாற்றவில்லையா? முந்தி ஊமத்தம் இலையைக் காயவைத்துச் சுருட்டிப் பத்தி மூச்சு முட்டைத் தணித்தார்கள். கையோடு கண்ட பலன்.

#12 முறிகண்டிக்கச்சான்

நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆடாதோடையில் உள்ள வசிசின் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டுதான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து வந்தது. ஊமத்தையில் அத்ரோப்பீன் இனப் பொருட்கள் இருக்கின்றன, அவை குழாயை விரிக்கும். இன்று நாங்கள் எம்பிசீமாவுக்குக் கொடுக்கும் இப்ரட்ரோப்பியம், தியோட்ரோப்பியம் எல்லாம் அந்த அத்ரோப்பீன் வழியில் செய்தவைதான்.

ஆனால் ஊமத்தை நஞ்சு. எத்தனை இலையில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளைப் பிதற்றவைத்து, இருதயத்தை ஓட்டி, உயிரையும் எடுக்கும். அதோடு புகையால் அறுந்த சுவாசப்பைக்குள் மறுபடி புகையா? தியோட்ரோப்பியத்தில் அளந்த மைக்ரோகிராம் கணக்கு, புகை இல்லை, இரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. தூதுவளை ரசம் குடிக்கட்டும், பிழையில்லை. சுவர் கட்டாது, அவ்வளவுதான். இந்தப் பம்களும் சுவர் கட்டாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் குழாயை விரித்து, அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியே விட வழி பண்ணும்.

இனி @மல்லாவி_மைந்தன் கேள்வி. முப்பது வயதுக்குப் பிறகு எல்லோருக்குமே, முதல் ஒரு செக்கனில் ஊதி விடக்கூடிய காற்று வருடத்துக்கு 25, 30 மில்லிலீற்றர் குறைந்துகொண்டு போகும். பாதிக்கப்படும் புகைப்பழக்கக்காரருக்கு அது இரண்டு மடங்கு. 1977இல் ஃபிளெச்சர், பீற்றோ என்ற இரண்டு பிரித்தானியர் இலண்டனில் வேலை செய்யும் ஆண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து இதை எழுதினார்கள். விட்டவருக்குப் போனது திரும்பவில்லை. ஆனால் குறைகிற வேகம் பழக்கமில்லாதவரின் வேகத்துக்கு இறங்கியது. பிறகு வட அமெரிக்காவில் பதினொரு வருடம் பார்த்த ஆய்விலும் இதே கதை. தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு வருடத்துக்கு 66 மில்லிலீற்றர், விட்டவர்களுக்கு 30.

கணக்குப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு செக்கனில் 1200 மில்லிலீற்றர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து சுருட்டுப் பத்தினால் பத்து வருடத்தில் மிஞ்சுவது 540, விட்டால் 900. 900 என்றால் மெதுவாகக் கிணற்றடிக்குப் போகலாம். 540 என்றால் கட்டிலில் இருந்து எழும்பிச் சட்டை போடவே இளைக்கும். காற்று நிறைய இருக்கும் இளைஞனுக்கு இந்த 360 மில்லிலீற்றர் வித்தியாசம் ஒன்றுமேயில்லை. அப்பாவுக்கு அதுதான் மிச்சச் சீவியம். அதனால் "இனி விட்டு என்ன" என்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. குறைய மிச்சம் இருப்பவர்தான் முதலில் விட வேண்டும்.

#13 கனகராயன்கரை

இதை வாசித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "540 எண்டது என்ன அளவு" என்று மட்டும் கேட்டார். சோடாப் போத்தல் ஒன்றைக் காட்டினேன்.

சுருட்டை விட்டால் வெற்றிலையோடு புகையிலை போடலாமா என்று கேட்கிறார். அது நெஞ்சுக்குப் போகாதுதானே?

#14 வெள்ளைச்சப்பாத்து

நெஞ்சுக்குப் போகாது, வாய்க்கு வரும். வாய்ப் புற்றுநோய் வார்ட்டில் ஒருநாள் நின்று பார்த்தால் அப்பா இப்படிக் கேட்க மாட்டார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரேயடியாக விட்டால் முதல் இரண்டு மூன்று கிழமை எரிச்சலும் நித்திரையின்மையும் இருக்கும், இருமல்கூடக் கூடும். அது விட்டதால் வந்த வருத்தம் என்று ஊரில் சிலர் சொல்லி மறுபடி பற்றவைப்பார்கள். அந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் பிடித்து நிற்க வேண்டும். குறைச் சுருட்டு எங்கெங்கே செருகியிருக்கிறது என்று தேடி எறியுங்கள். மல்லாவி அண்ணை சொன்ன மாதிரி இறப்பிலும் இருக்கும்.

#15 உமிச்சாம்பல்

ஊதிப் பார்க்கப் போய் வந்தேன். குழாயை வாயில் வைத்து, மூக்கைக் கிளிப் போட்டு அடைத்து, "ஊதுங்கோ ஊதுங்கோ ஊதுங்கோ" என்று அந்தத் தங்கச்சி கத்தினாள், கடைசிச் சொட்டு வரை ஊத விட்டாள். மூன்று தடவை. தலை சுற்றியது. பிறகு பம் அடித்து, கொஞ்ச நேரம் இருத்தி வைத்து மறுபடி. முடிவில், மொத்தக் காற்றில் முதல் செக்கனில் வருவது 64 வீதம் என்று எழுதியிருக்கிறது. 70க்குக் குறைந்தால் அடைப்பு என்றார்கள். வேலையை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றி எங்கே போவது என்பது வேறு கதை, அதை இங்கே எழுதி என்ன. நெல்லுக் கொட்டுகிற பக்கத்தை விட்டு மூடை தைக்கிற பக்கம் போட முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.

#16 கனகராயன்கரை

உமிச்சாம்பல் அண்ணை, ஊதப் போகிற காலையில் பம் இழுக்கலாமா? அப்பாவுக்கு அடுத்த கிழமை திகதி.

#17 வெள்ளைச்சப்பாத்து

சல்பியூட்டமோல் பம் என்றால் நாலு மணித்தியாலமாவது விட்டு ஊதுவது நல்லது. நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளுக்கு இன்னும் கூட இடைவெளி, எவ்வளவு என்று துண்டு தந்த இடத்தில் கேளுங்கள். ஆனால் இளைத்தால் இழுக்கத்தான் வேண்டும். சோதனைக்காக ஆளைத் தவிக்க விடாதீர்கள், இழுத்த நேரத்தைச் சொன்னால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போக வேண்டாம்.

சாப்பாடு என்றதும் நினைவு வருகிறது. இந்த வருத்தக்காரர் மெலிந்துகொண்டே போவார்கள். மூச்சு விடுவதே அவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கிற மாதிரி வேலை. நிறையச் சாப்பிட்டால் வயிறு பிரிமென்றகட்டைத் தள்ளி இன்னும் முட்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு நேரம். முட்டை, மீன், பயறு. ஒரு கோப்பை பிளேன்டீயோடு நாளை ஓட்ட விடாதீர்கள்.

#18 ரொறன்ரோ_வன்னியன்

அக்கராயன் என்றதும் வாசித்தேன், எங்கள் அம்மம்மாவின் ஊர். தம்பி, இங்கே கனடாவில் என் மாமாவுக்கு இதே நோய். வீட்டில் ஒட்சிசன் மெஷின் பூட்டியிருக்கிறார்கள், நாள் முழுக்க மூக்கில் குழாய். கொழும்பில் ஐந்து லீற்றர் மெஷின் விற்கிறார்களாம். நாலைந்து பேர் சேர்ந்தால் காசு பிரச்சினையில்லை. விலையைக் கேட்டுச் சொல்லுங்கள், அனுப்புகிறோம்.

#19 முறிகண்டிக்கச்சான்

மனதுக்கு நன்றி, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். கனகராயன்கரை, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் அப்பாவின் ஒட்சிசன் எவ்வளவு என்று கொப்பியில் இருக்கிறதா?

#20 கனகராயன்கரை

இருக்கிறது. சும்மா இருக்கும்போது 93. விறாந்தையில் நடக்கவைத்துப் பார்த்தபோது 87க்கு இறங்கி, இருந்ததும் ஏறிவிட்டது. ஊதிய முடிவும் வந்துவிட்டது. முதல் செக்கன் அளவு, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 44 வீதம்.

#21 முறிகண்டிக்கச்சான்

44 என்றால் கடுமையான நிலை, ஆனால் கடைசி நிலை இல்லை.

மெஷின் வேண்டாம். சும்மா இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்குத்தான் வீட்டு ஒட்சிசன் ஆயுளைக் கூட்டும். அதுவும் ஒரு நாளைக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் பிடித்தால். 1980, 81இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் செய்த இரண்டு ஆய்வுகளில் அது நிரூபணமானது. அப்பாவைப் போல இருக்கும்போது 90க்கு மேலே, நடக்கும்போது மட்டும் இறங்குபவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை என்று 2016இல் வந்தது. மாமாவின் அளவு வேறாக இருக்கும்.

அதோடு கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். பெரிய பயம் நெருப்பு. ஒட்சிசன் ஓடும் வீட்டில் விறகடுப்பும், யாருக்கும் தெரியாமல் ஒரு சுருட்டும் இருந்தால் முகம் கருகும். இந்தச் செய்தியை அப்பாவுக்கும் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சின ஒட்சிசனும் இவர்களில் சிலருக்குக் காபனீரொட்சைட்டைக் கூட்டி மயக்கத்தில் கொண்டுபோய்விடும். அதனால்தான் வார்ட்டில் 88க்கும் 92க்கும் இடையில் பிடித்து வைப்போம். பக்கத்துக் கட்டில்காரர் குமிழைத் திருப்பிக் கூட்டிவிடுவதைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து கூட்டாதீர்கள்.

காசு செலவழிக்க விருப்பம் என்றால் வேறு வழி சொல்கிறேன். வருடா வருடம் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி, நியூமோகொக்கஸ் தடுப்பூசி. போன மாதம் வந்தது போன்ற ஒவ்வொரு தாக்கமும் அவரை ஒரு படி கீழே இறக்கும், பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். அதைத் தடுப்பது முக்கியம். சளி பச்சை, மஞ்சளாக மாறினாலோ வழக்கத்தை விட இளைத்தாலோ இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். திடீரென்று ஒரு பக்க நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால் உடனே 1990. அறுந்த பெரிய அறை வெடித்து, காற்று சுவாசப்பைக்கு வெளியே கசிந்திருக்கலாம். கால் வீங்கினாலும் காட்டுங்கள், இருதயத்தின் வலப்பக்கம் களைத்துவிட்டதற்கு அது அறிகுறியாகலாம்.

நடப்பதை நிறுத்த வேண்டாம். இளைக்கும் என்று பயந்து கதிரையில் இருந்தால் கால் தசை போய்விடும். தசை போனால் அதே தூரத்துக்கு இன்னும் கூட ஒட்சிசன் வேண்டும். படலை வரைக்கும் போய்வரட்டும், அடுத்த கிழமை அடுத்த வீட்டுப் படலை வரைக்கும்.

#22 மல்லாவி_மைந்தன்

சுவாசப்பையை வெட்டி மாற்றுகிறார்களாமே டொக்டர்?

#23 முறிகண்டிக்கச்சான்

மேற்பகுதி மட்டும் மோசமாக அறுந்தவர்களில், அதை வெட்டி எடுத்து மற்றப் பகுதிக்கு இடம் கொடுக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது. குழாய்க்குள் வால்வு வைப்பதும், மாற்றுச் சுவாசப்பையும் உண்டு. எல்லாம் தேர்ந்தெடுத்த சிலருக்கு, பெரிய மையங்களில். பத்துகிறவரை ஒருவரும் மேசையில் ஏற்ற மாட்டார்கள்.

#24 ரொறன்ரோ_வன்னியன்

அப்போ மெஷின் இல்லை. தடுப்பூசிக் காசை அனுப்புகிறோம். மிச்சத்துக்கு என்ன செய்யலாம்?

#25 பாலைப்பழம்

அண்ணை, கனகராயன்கரையின் அம்மாவையும் ஒருக்கால் நினையுங்கள். அவவும் அதே வீட்டில் விறகடுப்பில்தானே நிற்கிறா? அப்பா சுருட்டை விட்டாலும் அடுப்புப் புகை வீடு முழுக்கச் சுற்றும். காஸ் அடுப்பு வாங்கினாலும் சிலிண்டர் முடிந்தால் திரும்ப விறகுதான், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நாங்கள் அடுப்புக்கு மேலே புகைக்கூடு கட்டினோம். முதலில் மேசன் கூரை மட்டத்தோடு நிறுத்திவிட்டார், காற்றடிக்கிற நேரம் புகை திரும்ப உள்ளேயே வந்தது. பிறகு முகட்டுக்கு மேலே மூன்று அடி ஏற்றி, மழைக்குத் தகரத் தொப்பி போட்டோம். எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு யன்னல். இப்போது குசினியில் கண் எரிவதில்லை. அம்மாவின் இருமல் முற்றாகப் போகவில்லை, இரவில் எழும்பி இருப்பது குறைந்திருக்கிறது.

#26 கனகராயன்கரை

எங்கள் குசினியில் புகைக்கூடு இருக்கிறது, ஆனால் கூரையோடு நிற்கிறது. அம்மா தேங்காய் மட்டையும் பன்னாடையும் போட்டு எரிப்பதால் புகை கூட. அப்பா சுருட்டு முழுதாக விடவில்லை. காலையில் ஒன்று என்று நிற்கிறார், அதையும் வளவுக்கு வெளியே போய்த்தான். நடைக்கு ஒத்துக்கொண்டார்.

@பாலைப்பழம், செங்கல்லா சீமெந்துக் கல்லா? அந்த மேசன் எங்கள் பக்கம் வருவாரா?

#27 பாலைப்பழம்

செங்கல். உள்பக்கம் பூசாமல் விடாதீர்கள், கரி பிடித்தால் துப்புரவாக்கக் கஷ்டம். மேசன் ஒட்டுசுட்டான் ஆள், வயல் வேலை முடிந்தபிறகுதான் வருவார். தொலைபேசி இலக்கத்தைத் தனிமடலில் போடுகிறேன். போகிற நேரம் முகட்டு உயரத்தை அளந்து வைத்திருங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.